மேலே ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்

குடுமியான்மலை போகிற ரோட்டில் என் பட்டறை. பெரிசாக ஒன்றும் இல்லை. நாலு இரும்புக் கால், மேலே தகரம். பின்னால் வீடு. லோடு வண்டி வரும், டிராக்டர் வரும். கார் எப்போதாவது வரும்.

வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் மல்லாந்து படுப்பதுதான் என் வேலை. அதில் எனக்குப் பயம் இருந்ததில்லை. அன்றைக்குப் பிறகு இருக்கிறது.

அன்று காலை பாய் வந்தார். கடற்கரைப் பக்கத்துக்காரர். சின்ன லோடு வண்டியில் கருவாடு ஏற்றிக்கொண்டு மேற்கே சந்தைக்குப் போகிறவர். என்னைவிட வயசு கூட. ஆளும் கனம். வண்டி பின்பக்கம் ஒரு ஓரமாகச் சாய்ந்து, நொண்டிக்கொண்டு வந்து நின்றது. குனிந்து பார்த்தேன். பின் சக்கரத்துப் பக்கம் அடுக்கியிருக்கிற இரும்புப் பட்டைகளைப் பிடித்திருந்த போல்ட் அறுந்து தொங்கியது.

"என்ன தம்பி, சீக்கு பெருசா?"

"போல்ட்டு போயிருச்சு பாய். மாத்திரலாம்."

"சந்தைக்காரன் காலையிலேருந்து போன் போட்டே கொல்லுறான். சட்டுனு முடி."

"சட்டுனு முடிக்கத்தான். எறங்கி வீட்டுல கட்டில்ல படுங்க. கண்ணு செவந்து கெடக்கு."

"ஒன் கட்டில்ல மூட்டைப்பூச்சி. போன தடவை என்னைத் தூக்கிட்டுப் போகப் பாத்துச்சு. நான் வண்டியிலயே படுத்துக்குறேன். என் வெயிட்டுக்கு ஒன் ஜாக்கி அழுகுதா?"

சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். முன்சீட்டில் காலை மடக்கிச் சாய்ந்தார். ஜாக்கியை நான் ஏற்றி முடிக்கும் முன்னே குறட்டை வந்துவிட்டது.

என் ஜாக்கி பழசு. ஏற்றினால் ஏறும். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் கசிந்து தானாக இறங்கும். அதனால் ஜாக்கியை நம்பிப் படுக்கமாட்டேன். பக்கத்தில் இரும்பு ஸ்டாண்டு வைப்பேன். அன்றைக்கு ஸ்டாண்டு இரண்டும் ஒரு டிராக்டருக்கு அடியில் நின்றன. அவற்றை எடுக்க முடியாது.

செம்புறாங்கல் கிடந்தது. பூமியிலிருந்து வெட்டியெடுக்கிற சிவப்புக் கல், வீடு கட்டியபோது மிஞ்சியது. எங்கள் பக்கம் எதற்கும் செம்புறாங்கல்தான். சுவருக்கு அதுதான், கிணற்றுக்கு அதுதான், ஆட்டுக்கொட்டகைக்கும் அதுதான். வண்டிக்கு முட்டுக்கொடுக்கவும் அதையே தூக்கி வைப்போம். நான் மட்டும் இல்லை, இந்த ரோட்டில் எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான். வீட்டையே தாங்குகிற கல், ஒரு வண்டியைத் தாங்காதா என்று நினைப்பு.

முந்தின நாள் மழை. கல் நனைந்து கருஞ்சிவப்பாக இருந்தது. உயரம் பத்தவில்லை என்று குத்தாக நிறுத்தினேன். அதன் தலையில் வண்டியின் அடிச்சட்டம் உட்கார்ந்தது. முன் சக்கரங்களுக்குக் கட்டை போட்டேன். பின் சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தேன். அடியில் தொங்கிய ஸ்டெப்னிச் சக்கரம் வழியை மறைத்தது. அதையும் இறக்கி வெளியே போட்டேன். பிறகு கோணியை விரித்து உள்ளே போனேன்.

கருவாட்டுத் தண்ணி சொட்டுச் சொட்டாக விழுந்தது. அது பழக்கம். பழைய போல்ட்டைத் தட்டி எடுத்தேன். புதுசை மாட்டினேன். நட்டு ஒன்று பாதி ஏறியிருந்தது.

அப்போது கழுத்தில் ஏதோ விழுந்தது. மணல் மாதிரி. எறும்பு என்று நினைத்துத் தட்டினேன். விரலில் செம்மண் தூள். தலையைத் திருப்பிப் பார்த்தேன். கல்லின் தலையில் சட்டத்தின் விளிம்பு பதிந்திருந்தது. அங்கேயிருந்து கீழே ஒரு கோடு இறங்கியிருந்தது. மயிர் மாதிரி மெலிசான கோடு.

வெளியே போய்விடலாம் என்று குதிகாலை ஊன்றினேன். அந்த நேரம் கல்லுக்குள் ஒரு சத்தம். பல்லைக் கடித்தால் தலைக்குள் கேட்குமே, அப்படி. வண்டி ஒரு விரல் அளவு இறங்கியது. ஜாக்கியின் தலை வழுக்கிச் சட்டத்தின் ஓரத்துக்கு வந்து, ஜாக்கி சாய்ந்து என் தொடையில் முட்டிக்கொண்டது. நெஞ்சுக்கு மேலே இரும்பு. சட்டைப் பொத்தானில் உரசியது.

நான் அசையவில்லை.

தொடையை எடுத்தால் ஜாக்கி விழும். ஜாக்கி விழுந்தால் கல் ஒன்றுதான். கல்லோ உதிர்ந்துகொண்டிருக்கிறது. வாயில் உமிழ்நீர் வற்றிப்போனது. மூச்சை முழுசாக இழுக்கப் பயம். நெஞ்சு உயர்ந்தால் இரும்பில் படும்.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். மேலே குறட்டை கேட்டது. அப்போதுதான் புரிந்தது. கத்தினால் பாய் எழுந்திருப்பார். கதவைத் திறந்து தொப்பென்று குதிப்பார். அவர் எப்போதும் அப்படித்தான் இறங்குவார். அவர் குதித்தால் வண்டி ஆடும். ஆடினால் நான் இல்லை.

வாயை மூடிக்கொண்டேன்.

அவர் குறட்டையையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். அது நின்றுவிடக் கூடாது. சாமியைக் கும்பிடவில்லை, பிள்ளைகளை நினைக்கவில்லை. அந்தக் குறட்டை மட்டும்தான் நினைப்பு. ஒரு தடவை அது சிக்கி நின்றது. சீட்டு கிரீச்சென்றது. கல்லிலிருந்து தூள் கொட்டிக் கண்ணில் விழுந்தது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை. மறுபடியும் குறட்டை வந்தது.

பிறகு இன்னொரு பயம் வந்தது. டீ நேரம்.

என் வீட்டுக்காரி டீ கொண்டுவரும்போது வீட்டு வாசலிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வருவாள். "பாய், டீ!" என்று அவள் போட்டால் ரோட்டில் போகிற பஸ் நிற்கும். அப்படி ஒரு தொண்டை.

செருப்புச் சத்தம் கேட்டது. வண்டிக்கு அடியிலிருந்து அவள் கால் மட்டும் தெரிந்தது. நின்றாள். கூப்பிடப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது. வலது கையை மெதுவாக வெளியே வெயிலுக்கு நீட்டினேன். பேசாதே என்கிற மாதிரி உள்ளங்கையை ஆட்டினேன்.

அவள் பேசவில்லை. வந்து என் கையில் டீ கிளாஸை வைத்தாள்.

"அவசரத்தைப் பாரு. வெளிய வந்து குடிச்சா ஆகாதா?"

கிளாஸ் சுட்டது. கீழே வைத்தால் சத்தம் வரும். பிடித்துக்கொண்டேன்.

"குனி," என்றேன். எனக்கே கேட்காத குரல். "புள்ள, குனி."

குனிந்தாள். தலைகீழாக அவள் முகம் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது. நான் தலையை அசைத்தேன். மூடிக்கொண்டாள்.

"பாயை எழுப்பாத. வண்டி ஆடக் கூடாது."

"என்ன செய்யணும்?"

"கழட்டுன சக்கரம். படுக்கப்போட்டு உள்ளாற தள்ளு. என் தோளுக்கிட்ட. மேல ஸ்டெப்னி. நீ உள்ள வராத. கை மட்டும்."

கிளாஸை என் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. சக்கரத்தை உருட்டி வந்தாள். அப்படியே சாய்த்தால் தொம்மென்று விழும். அதை நான் சொல்லவில்லை. அவளாகவே முழங்காலில் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தாள். பாரம் அவள் கால்மேல் இறங்கியது. உதட்டைக் கடித்தாள். பிறகு உட்கார்ந்து இரண்டு காலாலும் தள்ளினாள். ரப்பர் தரையில் தேய்ந்து தேய்ந்து வந்து என் தோளைத் தொட்டது.

ஒரு சக்கரம் போதாது. என் நெஞ்சு அதைவிட உயரம்.

ஸ்டெப்னியை எடுத்தாள். அதைத் தூக்கி முதல் சக்கரத்தின்மேல் ஏற்ற வேண்டும். பாதி ஏற்றிவிட்டாள்.

மேலே போன் அடித்தது.

குறட்டை நின்றது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. சீட்டு கிரீச்சென்றது.

"ஹலோ... ஆங்... வந்துக்கிட்டே இருக்கேன்ப்பா. வண்டி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. சத்தம் கேக்கலையா ஒனக்கு?"

அவர் எழுந்து உட்காருவது தெரிந்தது. வண்டி இப்படியும் அப்படியும் அசைந்தது. ஜாக்கி என் தொடையை விட்டு நகர்ந்தது.

"தள்ளு," என்றேன்.

அவள் உதைத்தாள். ஸ்டெப்னி உள்ளே வந்தது. கல் இரண்டாகப் பிளந்தது.

அந்தச் சத்தம் எப்படி என்று எனக்கு நினைவில்லை. புழுதி மட்டும் நினைவிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு நொறுங்குவதற்காகக் காத்துக் கிடந்தேன். நொறுங்கவில்லை. இரும்பு நெஞ்சில் இருந்தது. அமுக்கியது. அதோடு நின்றது. இரண்டு சக்கரமும் சட்டத்தைத் தாங்கிக்கொண்டிருந்தன.

"என்னப்பா இது, பூமி நடுங்குது?" பாய் கதவைத் திறக்கிற சத்தம்.

அப்போதுதான் அவள் தொண்டை திறந்தது. "பாய், எறங்காதீங்க! அப்படியே இருங்க! அவுக அடியில இருக்காக!"

பாய் அப்படியே நின்றுவிட்டார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் படியில். மூச்சுக்கூட விட்ட மாதிரி இல்லை.

மூச்சை முழுக்க வெளியே விட்டு, முதுகைத் தரையோடு ஒட்டி, குதிகாலை ஊன்றி உடம்பை இழுத்தேன். சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றாகத் தெறித்தது. மார்புத் தோல் உரிந்தது. அவள் என் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். வெயில் முகத்தில் பட்டது.

எழுந்து நிற்க முடியவில்லை. தவழ்ந்து போய்த் பட்டறையின் இரும்புக் கால் ஒன்றில் சாய்ந்தேன்.

"நான் இப்ப எறங்கலாமா, தங்கச்சி?" பாய் மெல்லக் கேட்டார். அவ்வளவு பெரிய ஆள், சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார். அவள் தலையாட்டிய பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். வந்து கல்லைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் தலையில் கை வைத்தார்.

"தம்பி, நான் தூங்கிட்டு இருந்தேன்."

"தெரியும் பாய்."

"எறங்கச் சொன்ன. நான்தான் கேக்கல."

"நான் இன்னொரு தடவை சொல்லிருக்கணும்."

தரையில் வைத்த டீயில் ஆடை படிந்து, செம்மண் தூள் மிதந்தது. எடுத்துக் குடித்துவிட்டேன். வாய் அவ்வளவு காய்ந்திருந்தது. அவள் கோபமாகப் பார்த்தாள். அதன் பிறகுதான் அழுதாள். அவள் முழங்கால் வீங்கி, புடவையில் டயர்த் தடம் கறுப்பாகப் பதிந்திருந்தது.

மிச்ச வேலையை அடுத்த பட்டறைக்காரர் ஸ்டாண்டு கொண்டுவந்து முடித்துக் கொடுத்தார். பிளந்த கல்லை அவரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுவரில் கல் படுத்திருக்கும், பாரம் பரவலாக இறங்கும். நான் குத்தாக வைத்து, ஒரே இடத்தில் இரும்பு விளிம்பை ஏற்றிவிட்டேன், அதுவும் நனைந்த கல்லில். அவர் தன் பட்டறையில் கிடந்த கற்களை அன்றைக்கே வெளியே எறிந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கொஞ்ச நாள் மல்லாந்து படுக்க முடியவில்லை. வீட்டுக் கட்டிலில்கூட. கண்ணை மூடினால் கழுத்தில் தூள் விழும். ஆனாலும் தொழில் இதுதான். போய்ப் படுத்தேன்.

இப்போது சக்கரம் கழற்றினால் முதலில் அது சட்டத்துக்கு அடியில் போகும். ஸ்டாண்டு இல்லையென்றால் வண்டி காத்திருக்கும். முட்டுக்கொடுத்த பிறகு வண்டியை வெளியே நின்று உலுக்கிப் பார்ப்பேன். வண்டியில் யாரும் இருக்கக் கூடாது, சாவி என் இடுப்பில் இருக்க வேண்டும். ஏறி உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற ஆள் இன்னும் வரத்தான் செய்கிறான். "ஒரு நிமிசம் உக்காந்தா என்ன ஆயிரும்?" என்பான். இறங்குகிற வரைக்கும் நான் உள்ளே போவதில்லை.

பாய் இப்போதும் வருகிறார். வந்ததும் தானே இறங்கி, கதவைச் சாத்தி, கையால் ஒரு தட்டுத் தட்டுவார். "யாருமில்ல. போ." வண்டியைவிட்டு ரொம்பத் தள்ளி, மூட்டைப்பூச்சிக் கட்டிலில்தான் படுக்கிறார். தூங்குகிற மாதிரி தெரியவில்லை. நான் வெளியே வரும்வரை புரண்டு புரண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார்.

டீ நேரத்தில் இப்போது கூப்பிடுகிற சத்தம் கிடையாது. அவள் மெதுவாக வருவாள். கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு, வலிக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிவாள். சக்கரங்களுக்கு நடுவே தலைகீழாக அவள் முகம் தெரியும்.

"இருக்கீகளா?"

"இருக்கேன்."

"வெளிய வாங்க. வந்து குடிங்க."