ட்யூபில் விழுந்த நீல முடிச்சு

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். யசோதரா கதை கட்டுகிற ஆள் இல்லை. ரேஷன் கடையில் பாமாயில் தீர்ந்துவிட்டது என்று சொன்னால், உள்ளே போய் டின்னைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். அப்படிப்பட்டவளுக்கு நடந்தது இது. 2003, மே மாதம். திருவொற்றியூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். அதுவும் பட்டப்பகலில்.

அவள் புருஷன் ஜெயவேல், எண்ணூர் பக்கம் வெல்டர். பித்தப்பையில் கல். வயிற்றில் நாலு சின்ன ஓட்டை போட்டுப் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றுதான் பேச்சு. ஆனால் அது சீழ்பிடித்து ஈரலோடு ஒட்டிக்கொண்டிருந்ததாம். அதனால் டாக்டர் விலாவில் ஒரு ட்யூப் வைத்தார். அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் பை, கட்டிலோரம் தொங்கியது.

"எல்லாருக்கும் இதை வைக்கிறதில்லம்மா," என்றார் டாக்டர். "உள்ளே பித்தநீர் கசிஞ்சா இது வழியா வெளியே வந்துடும். ட்யூப் அடைச்சுதுன்னா வயித்துக்குள்ளேயே தேங்கிடும். உயிருக்கே ஆபத்து. மடங்காம பாத்துக்க."

யசோதரா கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டாள். பச்சையாக நீர் இறங்க இறங்க, இவ்வளவு போகிறதே என்று பையையே பார்த்தாள். வெளியே வந்தால் நல்லதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் மதியம் டீ வாங்கக் கீழே போனாள். திரும்பி வந்தபோது ஜெயவேல் முனகிக்கொண்டிருந்தான்.

"தோள்பட்ட வலிக்குது யசோதா... வயிறு கல்லாட்டம் கீது."

பையைப் பார்த்தாள். ஒரு சொட்டுகூடக் கூடவில்லை. போர்வையை விலக்கினாள்.

ட்யூபில் முடிச்சு. நீல நைலான் நூல். நெருக்கமாகச் சுற்றி, வலை பின்னுகிறவர்கள் போடுவதுபோல இறுக்கியிருந்தது.

நர்ஸ் ஓடிவந்து கத்தரியால் நூலை வெட்டினாள். பச்சை நீர் குபுகுபுவென்று பைக்குள் கொட்டியது.

"ஏம்மா, நீயா கட்டின? புருஷனைக் கொல்லப் பாத்தியா?"

"என் புருஷன நானே கொல்லுவனா? இன்னா பேச்சு சிஸ்டர் இது?"

அறையில் வேறு யாரும் இல்லை. ஜெயவேலும் யாரையும் பார்க்கவில்லை.

"ஈரக் கை ஒண்ணு வயித்தத் தடவிச்சு," என்றான். "நீதான்னு நெனச்சேன்."

யசோதராவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ராத்திரி முழுக்க விளக்கை அணைக்கவே விடவில்லை.

மறுநாள் அவள் டீக்குப் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு, ட்யூபைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெயவேல் தூங்கிக்கொண்டிருந்தான். ஒன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது.

ஃபேன் நின்றது.

மீன் கவிச்சி அடித்தது. ஜன்னல் மூடித்தான் இருந்தது...

சொட்... சொட்... கட்டிலுக்கு அந்தப் பக்கம், தரையில், தண்ணீர் சொட்டும் சத்தம்.

மெத்தையின் ஓரம் மெல்ல அமுங்கியது. யாரோ உட்கார்ந்ததுபோல.

ட்யூபின்மேல் நீல நூல் தெரிந்தது. ஒரு சுற்று... இன்னொரு சுற்று...

கத்தினால் நர்ஸ் வருவதற்குள் முடிச்சு விழுந்துவிடும். இழுத்தால் ட்யூப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். விட்டால் புருஷன் போய்விடுவான். யசோதரா ஆள்காட்டி விரலை நூலுக்கும் ட்யூபுக்கும் நடுவில் நுழைத்தாள்.

நூல் இறுகியது.

விரல் கறுத்தது. அவள் எடுக்கவில்லை.

எதிரே யாரோ விம்மினார்கள்...

கரண்ட் வந்தது.

நூலைக் காணோம். ட்யூபில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. விரலைச் சுற்றி மட்டும் ரத்தம் கட்டிய ஒரு வளையம். கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று நர்சிடம் சொன்னாள். ஜெயவேலிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கே அடம்பிடித்து வேறு அறைக்கு மாற்றிக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் கசிவு நின்றது. ட்யூபை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்குக் கிளம்பும் அன்று, ஆயா அஜீசுன்னிசாவிடம் அந்தப் பழைய அறையைப் பற்றி மெதுவாகக் கேட்டாள்.

ஆயா அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"போன வருசம் போட்டுல மீன் புடிக்கப் போற பையன் ஒருத்தன் அங்க இருந்தான். அவனுக்கும் இதே ட்யூபு. அவங்கம்மா பூவம்மா, காசிமேட்டுல வலை பின்ற பொம்பள. இத்தினி தண்ணி வெளிய போனா புள்ளைக்குத் தெம்பு எங்கர்ந்து வரும்னு, யாரும் இல்லாதப்ப நூலு போட்டுக் கட்டிடும். நர்ஸு வந்தா அவுத்துடும். பையன் செத்தே பூட்டான்."

"அந்தம்மா எப்ப செத்துச்சு?"

"எங்க செத்துச்சு? உயிரோடதான் கீது. எங்க பக்கத்து வூடுதான். மதியானம் ஆனா வலைமேலயே சாஞ்சிடும். உலுக்குனாலும் எழுந்துக்காது. அதுவா முழிச்சுக்கும், ஒண்ணும் பேசாது. இங்க கரண்ட் போச்சே, அன்னிக்கு மட்டும் ஓன்னு அழுதுகினே எழுந்துச்சாம்."

"இன்னான்னு அழுதுச்சு?"

"எவளோ வெரல நடுவுல வுட்டுகினா, என் புள்ளைக்குக் கட்ட வுடலன்னு."