மைக்செட் மாமா ஓபரா கேட்ட கதை

என் மாமாவுக்குப் பெயர் சவுண்டு. அம்மாவுக்கு நேர் அண்ணன். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணம், எந்தக் கூட்டம் என்றாலும் மைக்செட் அவருடையதுதான். அத்தையின் தம்பி சீரியல் பல்பு போடுபவர் என்பதால் அவருக்கு லைட்டு என்று பெயர். சவுண்டும் லைட்டும் சேர்ந்து ஒரே கடை, ஒரே வண்டி, நாள் முழுக்க ஒரே சண்டை.

மாமாவின் வேலையில் ஒரு முறை உண்டு. வயரெல்லாம் இழுத்து, ஸ்பீக்கர் பெட்டிகளை நிறுத்தி, லைட்டை மைக்கின் முன்னால் பேசவிட்டு, அவர் மட்டும் நடந்து கடைசி வரிசைக்குப் போவார். மேடைக்கு முதுகைக் காட்டி நிற்பார். வலது உள்ளங்கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைப்பார். மேடையைப் பார்த்துக்கொண்டு கேட்டால் வாயசைவைப் பார்த்து மனசே பாதி வார்த்தையை நிரப்பிவிடுமாம். எல்லாம் சரியாக இருந்தால் வெறும் தொண்டையில் ஒரு குரல் கொடுப்பார்: "சவுண்டு ஓகே!" அந்தக் குரல் வரும்வரை மாப்பிள்ளை வீட்டாரானாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

காலமெல்லாம் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்றதில் அந்தக் காது தேய்ந்துபோனது. காது டாக்டர் ஒரு சின்ன மெஷினை மாட்டிவிட்டார். அது வருவதற்குமுன் ஒரு கல்யாணத்தில், லைட்டு மைக்கை ஆன் செய்யவே இல்லை, மாமா கடைசி வரிசையிலிருந்து "சவுண்டு ஓகே" என்று கத்திவிட்டார். பந்தலே சிரித்தது. லைட்டுக்குச் சிரிப்போடு நிறுத்த மனம் வரவில்லை.

"மாமா, இனிமே கடைசி வரிசைக்கு நான் போறேன். நீங்க ஜெனரேட்டர் பக்கத்துல சேர் போட்டு உக்காருங்க. அங்கதான் காது கேக்காட்டியும் பரவாயில்ல."

அன்றிலிருந்து மாமா சேரில்தான் உட்கார்ந்தார். மெஷின் வந்த பிறகும் அந்தக் குரலைக் கொடுக்கவில்லை. பேர் மட்டும் சவுண்டு.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். அதைச் சொல்லாமல் எனக்கு எந்தப் பேச்சும் ஓடாது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தேறிய செய்தியைக் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊருக்கே அறிவித்தவர் மாமா. படிப்பு என்னை வெளிநாட்டில் ஒரு பெரிய நகரத்துக்குக் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து ஒருநாள் போனில் பேசும்போது ஓபரா பற்றிச் சொன்னேன். "கதை முழுக்கப் பாட்டுதான் மாமா. ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டாங்க. மைக்கே கிடையாது."

"மைக் இல்லாமலா? எத்தனை பேருக்கு?"

"ரெண்டாயிரம் பேர் இருக்கும். முன்னால ஒரு படையே உக்காந்து வாத்தியம் வாசிக்கும்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது போலிருக்கிறது. லைட்டின் குரல் குறுக்கே புகுந்தது. "எங்கயாவது ஒளிச்சு வச்சிருப்பான் மாமா. சட்டைக்குள்ள, தொப்பிக்குள்ள, எங்கயோ ஒரு இடத்துல."

"என் மருமகன் படிச்சவன்டா. இல்லன்னா இல்லைதான்."

"பந்தயமா?"

"பந்தயம்."

தோற்றவர் அடுத்த கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து, ஜெயித்தவர் சொன்னதுதான் சரி என்று ஊரறியச் சொல்ல வேண்டும். மாமா தோற்றால் ஜெனரேட்டர் பக்கத்துச் சேர் நிரந்தரம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மாமாவை வரவழைத்தேன். அத்தை முட்டிவலியைச் சாக்குச் சொல்லி நின்றுவிட்டார். மாமாவின் சட்டைப் பையில் எப்போதும் குத்தியிருக்கும், கரண்டு பார்க்கும் டெஸ்டரை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்களாம். வந்து இறங்கியதிலிருந்து வெறும் பையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. எங்களுக்குக் கிடைத்தது உச்சி மாடியில் கடைசி வரிசை. உட்கார இடமில்லை, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே பார்க்க வேண்டும். இவரை இங்கேயா நிறுத்துவது என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. மாமாவோ முகம் மலர்ந்தார்.

"கடைசி வரிசையா? சரியான இடம்டா."

ஆட்டம் தொடங்குமுன் தூண்களின் பின்னால் எட்டிப் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். மரச்சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். கறுப்புக் கோட்டு போட்ட காவலர் விரைந்து வந்து தலையை ஆட்டினார்.

"பெட்டி ஒண்ணும் காணோம்," என்றார் மாமா என்னிடம், அந்தக் காவலரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தபடி.

விளக்கு அணைந்தது. மகளைத் தொலைத்த ஒரு ராஜாவின் கதை. மேடைக்கு மேலே ஓடும் மொழிபெயர்ப்பு எழுத்துகளைப் படித்து மாமாவின் காதில் ஓதிக்கொண்டிருந்தேன். வாத்தியங்களெல்லாம் அடங்கி, ராஜா தன்னந்தனியாக மெல்லப் பாட ஆரம்பித்த இடத்தில் மாமாவின் கை தன்னால் எழுந்தது. பழக்கம். உள்ளங்கையைக் குவித்து, மெஷின் மாட்டிய காதின்மேல் வைத்தார்.

கீஈஈ என்று ஒரு விசில்.

மைக் இருக்கிறது! மைக்கும் பெட்டியும் ஒன்றை ஒன்று பார்த்தால் எழும் அதே விசில்தான். எத்தனை பந்தலில் கேட்டிருக்கிறேன். மாமாவை நிரந்தரமாகச் சேரில் உட்காரவைக்கப் போவது என் வாய்தான் என்று நினைத்தேன். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பக்கத்தில், கழுத்தில் முத்துமாலையோடு நின்ற ஓர் அம்மாள் முறைத்தார்.

மாமாவுக்கு விசில் கேட்கவில்லை. திரும்பிய தலைகளைத்தான் பார்த்தார்.

"விசில் அடிக்குதா?" என்று கிசுகிசுத்தார்.

"ஆமா மாமா."

கையை எடுத்தார். விசில் நின்றது. வைத்தார். கீஈஈ. எடுத்தார்.

"விசில் வந்தா ஜனம் பெட்டியத்தான் திரும்பிப் பாக்கும். இவங்க என்னைப் பாக்கறாங்க." அவர் தோள் குலுங்கியது. "கத்தறது என் காது மெஷின். பெட்டி நான்தான்டா!"

சிரிப்பை அடக்க நான் கம்பியைக் கடிக்காத குறை. அவர் மெஷினைக் கழற்றி என் கையில் திணித்தார்.

"மாமா, அது இல்லாம கேக்காது."

"கேக்கலன்னா கேக்கல. தெரிஞ்சுக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்."

சொல்லிவிட்டு மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். காசு கொடுத்து வாங்கிய காட்சியில் சுவரைப் பார்த்து நிற்கும் மனிதரை அந்த மாடி அதற்குமுன் கண்டிருக்காது. முத்துமாலை அம்மாள் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். மாமா கையைக் குவித்துக் காதில் வைத்தார்.

கீழே புயல் கிளம்பியது. வாத்தியங்கள் அத்தனையும் ஒன்றாக எழுந்தன. முரசு கம்பியில் அதிர்ந்து என் விரலுக்கு வந்தது. அதற்கு மேலே ராஜா மகளைக் கூப்பிட்டார். கட்டைக் குரல், அடிவயிற்றிலிருந்து வருவது. நான் மேடையைப் பார்க்கவே இல்லை, மாமாவின் முகத்தையே பார்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை. கல்.

பிறகு அவருடைய இடது கை மெல்ல முன்னால் வந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் ஒரு வால்யூம் திருகைப் பிடித்தன. திருகின. கூட்டுகிறாரா என்று பார்த்தேன். இல்லை, குறைத்தார். மனுஷனுக்கு அவ்வளவு சத்தமாகக் கேட்டிருக்கிறது!

பாட்டு முடிந்தது. கைதட்டலுக்கு முன்னால் மூச்சுவிடும் நேரம் ஒன்று வருமே, அந்த இடத்தில் மாமா திரும்பினார்.

"சவுண்டு ஓகே!"

உச்சி மாடியிலிருந்து கிளம்பி, சுவரோடு வளைந்து, மேடைவரை போய் விழுந்தது அந்தக் குரல். எத்தனை காலமாக உள்ளே கிடந்ததோ. மறுநொடி அரங்கமே வெடித்தது. அவரவர் மொழியில் அவரவர் வாய்க்கு வந்ததைக் கூவினார்கள். ராஜா அண்ணாந்து எங்கள் மாடியைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தார். எங்களைத்தான் பார்த்தார், நான் சத்தியம் பண்ணத் தயார். முத்துமாலை அம்மாள் மாமாவின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார், வலித்திருக்கும்.

இடைவேளையில் மெஷினை மாட்டிக்கொண்டு லைட்டுக்குப் போன் போட்டார்.

"மைக் இல்ல மாப்ளே. பெட்டி வழியா வந்த குரல்னா எனக்குத் தெரியும்."

"நீங்க சரியாக் கேட்டிருக்க மாட்டீங்க மாமா."

"மெஷினைக் கழட்டிட்டுக் கேட்டேன். கடைசி வரிசையில நின்னு, முதுகைக் காட்டி."

ஸ்பீக்கரில் தொண்டையைச் செருமும் சத்தம். "ஊருக்கு வாங்க மாமா. சேரை எடுத்து உள்ள போட்டுடறேன்."

அடுத்த கல்யாணத்தைப் பார்ப்பதற்காகவே லீவு போட்டு நானும் கூடப் போனேன். பந்தல் நிறைந்த கூட்டம். லைட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டு, அதை விழுங்குகிறவர் மாதிரி, வேகவேகமாக முணுமுணுத்தார்: "மாமா சொன்னதுதான் சரி."

கடைசி வரிசையிலிருந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்ற ஆளிடமிருந்து பதில் வந்தது.

"கேக்கல!"

பந்தல் கொல்லென்று சிரித்தது. லைட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார், கொஞ்சம் உரக்க.

"இன்னும் கேக்கல மாப்ளே!"

"மாமா சொன்னதுதான் சரீ!" என்று லைட்டு அலறியதில் பெட்டிகள் அதிர்ந்தன, கட்டியிருந்த பல்புச் சரம் ஆடியது, மாப்பிள்ளை திடுக்கிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

மாமா காதிலிருந்து கையை எடுத்தார். திரும்பினார். நிதானமாக மூச்சை இழுத்துக்கொண்டார்.

"சவுண்டு ஓகே!"