சீல் உடைந்த ஒரு கிராம்

இன்று வேலூரில் ஒரு கிராம் தங்கக் காசு வாங்கினேன். அட்டைக்குள் வைத்து சீல் போட்டுக் கொடுத்தார்கள்.

தங்கக் காசு சேர்க்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு சட்டம்தான்: சீலைப் பிரிக்கவே கூடாது; பிரித்தால் விற்கும்போது விலை குறையும்.

ஆம்பூரில் வீட்டுக்கு வந்ததும் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். இதயங்களாக வந்து விழுந்தன. அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுக் காபி போடப் போனேன்.

இரண்டு டம்ளரோடு திரும்பினால், என் வீட்டுக்காரர் கையில் கத்தரிக்கோல். அட்டை இரண்டு துண்டு.

இருபது வருடமாகத் தொழிற்சாலையில் தோலைத் தரம் பிரிக்கிறவர். கத்தரிக்காயோ கல்யாணப் பத்திரிகையோ, கட்டைவிரலால் தடவிப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார்.

"ஏங்க, சீலைப் பிரிச்சிட்டீங்களே!"

"பிளாஸ்டிக் மேல பாத்தா இன்னா தெரியும்?" என்று காசை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துத் தடவினார். "ஓரத்துல ஒரு கோடு இருக்கு. செகண்ட் கிரேடு."

அந்தக் கோடு அவருடைய கத்தரிக்கோல் போட்டது!

குழுவில் சொன்னேன். துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது.

ஆத்திரம் தாங்காமல் அவரிடம் கேட்டேன்: "அப்போ நான் இன்னா கிரேடு?"

காசிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "உன்ன எங்க கிரேடு பாத்தேன்? போட்டோவைப் பாத்தேன், சரின்னுட்டேன். என் சர்வீஸ்லயே தொட்டுப் பாக்காம எடுத்தது நீ ஒருத்திதான்."

இதற்கு மேல் சண்டையை எப்படித் தொடர்வது? அனுபவசாலிகள் யாராவது சொல்லுங்கள்.

அவருடைய காபி இன்னும் என் கையில்தான் இருக்கிறது. ஆறுவதற்குள் சொல்லுங்கள்.