செங்கல் வைத்த மேஜை

"உதவி உதவின்னு சொல்லியே ஆளைக் கெடுக்கிறீங்க!"

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சின்ன சிகிச்சை நிலையத்தில் கோகிலவாணி தினமும் இதைச் சொல்லித்தான் கத்துவாள். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சட்டைப் பொத்தான் போடவும், சோறு அள்ளிச் சாப்பிடவும் திரும்பப் பழக்குவது அவள் வேலை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பதினாறு வருஷ சர்வீஸ். பாசத்தில் ஊட்டிவிடுகிற பெண்டாட்டிகளைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

அவளிடம் போன ஆடியில் ஆஷா பயிற்சிக்கு வந்தாள். கடைசி வருஷ மாணவி, சக்கர நாற்காலியில் வருகிறவள். ஆறு வாரத்துக்குள் ஒரு நோயாளியையாவது தானே கவனித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பாஸ் கிடையாது.

கோகிலவாணி இளகிய மனசுக்காரி. வம்பே அதில்தான். நோயாளிகள் உட்கார்ந்து பழகும் மேஜையின் அடிச்சட்டம் ஆஷாவின் முட்டியில் இடித்தது; நாற்காலி உள்ளே போகவில்லை.

"நீ கஷ்டப்படாதேம்மா. ஓரமா இருந்து நோட்ஸ் எடு. காலேப் செய்யட்டும்" என்றாள். காலேப், ஆஷாவோடு வந்த இன்னொரு மாணவன்.

நாலு வாரம் போனது. ஆஷா இரண்டு நோட்டு நிரப்பினாள். ஒரு நோயாளியின் விரலைக்கூடத் தொடவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு நாள், இரண்டு மாசமாக வந்துகொண்டிருந்த சம்பத் வந்தார். பெருங்களத்தூர்க்காரர், ரிட்டயரான பஸ் மெக்கானிக், வலது கை விழுந்துபோனவர். மனைவி பாலாம்பாள் அவர் வாயில் டம்ளரை வைத்து டீ புகட்டினாள். கோகிலவாணி பார்த்துவிட்டாள்.

"உதவி உதவின்னு..."

"இரும்மா" என்றார் சம்பத். "எங்களுக்கு மட்டும்தான் சட்டமா? அந்தப் பொண்ணை ஒரு மாசமா மூலைல குந்த வெச்சுகினு கீறியே, அது இன்னா?"

"மேஜை இடிக்குது சார். பாவம்னுதான்..."

"எங்க வூட்டுக் கட்டிலு தாழ்வா கீதுன்னு நாலு காலுக்கும் செங்கல் வெக்கச் சொன்னியே. உன் மேஜைக்கு செங்கல் ஆப்டலியா?"

"நல்லாக் கேளுய்யா!" என்றாள் பாலாம்பாள். "தெனம் என்னையே திட்டுச்சு."

கோகிலவாணிக்குச் சுருக்கென்றது. எத்தனை வீட்டில் அடுப்பு மேடையை, பாத்ரூம் படியை டேப் வைத்து அளந்திருப்பாள்! தன் அறையை அளந்ததே இல்லை. ஆஷாவிடம் திரும்பினாள்.

"நீ ஏன்டி வாயத் தொறக்கல?"

"மார்க் போடறது நீங்கதானே மேடம்."

சம்பத் கேட்டதைவிட இதுதான் அதிகம் வலித்தது.

காம்பவுண்டு ஓரம் கிடந்த செங்கல் வந்தது. காலேப் மேஜையைத் தூக்கிப் பிடிக்க, கோகிலவாணியே குனிந்து ஒவ்வொன்றாக வைத்தாள். ஆஷாவின் நாற்காலி உள்ளே போனது.

"சம்பத் சார் இனிமே உன் கேஸ். சரியா செய்யலன்னா ஃபெயில்தான். பாவம்லாம் பாக்க மாட்டேன்."

"பாக்காதீங்க மேடம்."

முதல் நாளே சம்பத் டம்ளரைக் கீழே போட்டார். ஆஷா எடுத்துத் தரவில்லை. "நீங்களே எடுங்க சார்" என்றாள்.

"இவ உன்னவிட மோசம்மா!" என்று கோகிலவாணியிடம் முறையிட்டார். கடைசி நாளில் மூன்று பொத்தான் அவரே போட்டார். ஒன்று தப்பு ஓட்டையில். ரிப்போர்ட்டை லேட்டாகக் கொடுத்ததற்கு இரண்டு மார்க் வெட்டித்தான் ஆஷாவை பாஸ் போட்டாள் கோகிலவாணி.

இப்போது புதுசாக யார் பயிற்சிக்கு வந்தாலும், "உனக்கு எங்க இடிக்குது?" என்பதுதான் அவள் முதல் கேள்வி. கத்தல் மட்டும் குறையவில்லை.

உங்கள் வீட்டில் கை விழுந்தவர்கள் இருந்தால் கூட்டிக்கொண்டு போய் அவளைப் பாருங்கள். அவள் எதிரில் மட்டும் பொத்தான் போட்டுவிடாதீர்கள்.