எறா துன்னுட்டு மிலிட்டரி மெடிக்கலுக்கு போன கதை

நான் மீன் புடிக்கிற காசிமேட்டுக்காரன், ஆனா எறா துன்னா மூஞ்சி வீங்கிடும். மிலிட்டரி செலக்‌ஷன்ல ஓட்டம் பாஸாயி, மெடிக்கலுக்கு கூப்ட்டாங்கோ. அலர்ஜி கீதுன்னா வூட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்.

தோஸ்து மணி சொன்னான், "மாமு, போறதுக்கு முன்னாடி ஒரு பிளேட் துன்னு பாரு. ஒண்ணும் ஆவலன்னா தெகிரியமா இல்லன்னு சொல்லிடு."

நானும் துன்னுட்டு போனேன். டாக்டர் முன்னாடி நிக்கும்போது ஒதடு ரெண்டும் டியூப் மாதிரி வீங்கிச்சு.

"இன்னா தம்பி இது?"

"கொசு சார்."

"குடும்பத்தோட வந்து கடிச்சிச்சா?"

சிரிக்கலாம்னா மூச்சு வரல. ஊசி போட்டு காப்பாத்தின டாக்டரே, "பார்டர்ல உனக்கு யாரு ஊசி போடுவா?"ன்னு கேட்டு அனுப்பிட்டாரு.

இப்பல்லாம் ஓட்டல்ல உக்காந்ததும், எறா எனக்கு ஆவாதுன்னு கத்திட்டுதான் தண்ணியே குடிக்கிறேன். நீயெல்லாம் ஒரு காசிமேட்டுக்காரனான்னு சிரிக்கிறாங்கோ. சிரிக்கட்டும், மூச்சு வுட வேண்டியவன் நான்தானே.