சட்டைப் பையில் இருந்த கிளினிக் கொப்பி

அரசாங்கக் கிளினிக்கில் நெடுநாளாகப் பிரஷர் குளிசை வாங்குகிறேன். போன வருடம் இரத்தத்தில் கொழுப்பு கூடியிருந்ததால், மனைவி என்னைக் கண்டியில் ஒரு தனியார் டொக்டரிடம் அனுப்பினாள்.

"வேற மருந்து ஏதும் குடிக்கிறீங்களா?" என்று அவர் கேட்டார்.

என் மருந்தெல்லாம் எழுதியிருக்கும், எண்ணெய்க் கறை படிந்த கிளினிக் கொப்பி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அந்தப் பளபளப்பான மேசையில் அதை எடுத்து வைக்கக் கூச்சப்பட்டு, இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் தந்த கொழுப்புக் குளிசையையும் சேர்த்தே குடித்தேன். இரண்டு மாதத்தில் தொடைச் சதை பிய்ந்து விழுவதுபோல் வலித்தது. மார்க்கெட்டில் மூட்டை சுமப்பதுதான் என் வேலை; சுமையோடு படியேற முடியவில்லை.

"அண்ணனுக்கு வயசு போயிருச்சு, ஓரமா உக்காருங்க" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். முதலாளி என் இடத்தில் வேறொருவனைப் போட்டார்.

எங்கள் மஹய்யாவ பகுதிப் பார்மசிக்காரர்தான் இரண்டு குளிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அண்ணே, இது ரெண்டும் சேந்தா சிலருக்குச் சதை நோகும். டொக்டர்கிட்ட சொல்லலையா?"

மறுநாள் கொப்பியையும் எடுத்துக்கொண்டு அந்த டொக்டரிடம் போனேன்.

அதைப் பார்த்து அவர் கொழுப்புக் குளிசையை மாற்றித் தந்தார். வலி போய்விட்டது. முதலாளியிடம் மறுபடி வேலை கேட்கச் சொல்கிறாள் மனைவி. கடை வாசல்வரை மூன்று முறை போனேன். மூன்று முறையும் வாயைத் திறக்காமலே திரும்பி வந்தேன்.