ஏர் வாத்தியார் வீட்டு உண்ணாமலை

செஞ்சியில் ஏர் வாத்தியார் வீடு எது என்று கேட்டால், பஸ் நிற்கிற இடத்தில் இளநீர் வெட்டுகிறவர் அரிவாளாலேயே வழி காட்டிவிடுவார். ஒரே வீட்டில் ஒருவர் ஏர் பிடிப்பார், ஒருவர் பாடம் சொல்லிக் கொடுப்பார். நான்கு தலைமுறையாக அப்படித்தான். கேட்கிறவர்கள் அடேயப்பா, எப்பேர்ப்பட்ட குடும்பம் என்று வாயைப் பிளப்பார்கள். அந்த வீட்டில் பிறந்து பார்த்தால் அல்லவா தெரியும்! உண்ணாமலை பிறந்தாள்.

எல்லாம் ஆதிமூலம் செய்த வேலை. அவள் தாத்தாவுக்கு அப்பா. ராஜகிரி அடிவாரத்தில் அந்தக் காலத்தில் காரைப் புதரும் பாறையும்தான். மனுஷன் கடப்பாரையும் கையுமாகப் போய்க் கரம்பைக் கழனியாக்கினார். கிணறு வெட்டினார், பாறைதான் வந்தது. மண் சுமந்த கூலியாட்களின் பிள்ளைகள் வெயிலில் சும்மா கிடப்பதைப் பார்த்து, வண்டிக் கொட்டகையில் உட்கார வைத்துத் தனக்குத் தெரிந்த நாலு எழுத்தை மணலில் எழுதிக் காட்டினாராம். அந்த வாரமே ஊற்றுக்கண் திறந்தது. மனுஷன் நெகிழ்ந்துபோய் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார். இந்தக் கிணறு ஊறுகிற வரைக்கும் என் வம்சத்தில் ஒருவன் ஏர் பிடிப்பான், ஒருவன் எழுத்துச் சொல்லித் தருவான் என்று. கொடுத்தவர் போய்ச் சேர்ந்தார், மாட்டிக்கொண்டவர்கள் பின்னால் வந்தவர்கள்.

ஆதிமூலத்தின் இளைய மகன் சம்பந்தத்துக்குப் பாடம் சொல்லப் பிடிக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டார். அந்த வருஷம் கிணறு வறண்டது. ஆள் மேல் ஆள் அனுப்பி அவரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள், ஐப்பசியில் தண்ணீர் வந்தது. ஐப்பசியில் ஊரிலுள்ள எல்லாக் கிணற்றிலும்தான் தண்ணீர் வந்தது. அதை மட்டும் அந்த வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள். அன்றைக்கு ஏற்பட்டதுதான் சட்டம்: எழுத்துக்குப் பேர் வாங்கியவர் பொழுது சாய்ந்தால் செஞ்சி எல்லைக்குள் இருக்க வேண்டும். பேரை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தால்தான் விடுதலை.

மாற்றிக் கொடுப்பது சித்திரையில், பொன்னேர் பூட்டுகிற அன்று. மாட்டுக்கு மஞ்சள் பூசி முதல் சால் ஓட்டியதும், ஏர்க்காரர் ஆதிமூலத்தில் தொடங்கி வம்சத்தைச் சொல்வார், ஏருக்கு இன்னார், எழுத்துக்கு இன்னார் என்று. பிறகு பழைய எழுத்துக்காரர் புதியவரின் விரலைப் பிடித்து, உழுத சாலின் ஈர மண்ணில் 'அ' எழுத வைப்பார். பழைய கை புதிய கையைப் பிடித்தால்தான் அது செல்லும்.

உண்ணாமலையின் அப்பா அரங்கநாதன் எழுத்துக்காரர். ஏர் பிடித்த அவருடைய அண்ணனுக்குப் பிள்ளையில்லை, அதனால் இவருடைய ஒரே மகன் கலியபெருமாள் ஏருக்குப் போய்விட்டான். எழுத்துக்கு? பதினாறு வயது உண்ணாமலையின் விரலைப் பிடித்தார் அரங்கநாதன். வம்சத்தில் ஒரு பெண்ணின் பேர் ஏறியது அதுதான் முதல் தடவை. கடைத்தெரு செட்டியார் வீட்டுப் பெண்கள்கூட வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என்ன எழுதுகிறோம் என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே எழுதினாள், பாவம்.

திண்டிவனத்தில் ட்ரெயினிங் படித்தபோது மற்றவர்கள் ஹாஸ்டலில் தங்கினார்கள். இவள் முதல் பஸ்ஸில் போய்ப் பொழுது சாயுமுன் திரும்பினாள். வண்டிக் கொட்டகை அதற்குள் ஓடு போட்ட எய்டட் பள்ளியாகியிருந்தது, அதில் டீச்சரானாள். அவலூர்பேட்டையிலிருந்தும் பனமலையிலிருந்தும் பெண் கேட்டு வந்தார்கள். பெண் வரமாட்டாள், மாப்பிள்ளைதான் இங்கே வந்து இருக்க வேண்டும் என்றார் அரங்கநாதன். எந்த ஆண்பிள்ளை சம்மதிப்பான்? வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்துபோனார்கள். அப்பாவும் ஒருநாள் போய்விட்டார். உண்ணாமலைக்கு முப்பத்திரண்டு வயதாகிவிட்டது.

மூன்றாம் வகுப்புக்குக் கடலைப் பற்றிப் பாடம் எடுப்பாள். பார்த்ததில்லை. வகுப்பின் ஒரு ஜன்னலில் ராஜகிரி, இன்னொரு ஜன்னலில் கிருஷ்ணகிரி. ஊர் பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துப் புல்லரித்துப் போகிற மலைகள். அவளுக்கு அவற்றைப் பார்த்தால் மூச்சு முட்டியது. கிணற்றுக் கதையை அவள் நம்பவும் இல்லை, நம்பாமல் கிளம்பத் துணிச்சலும் இல்லை. இரண்டு வருஷமாக மழை ஏமாற்றி, மோட்டார் சேற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அண்ணன் குடும்பத்தின் சோறு அந்தக் கிணற்றில்தான் இருந்தது.

அப்போதுதான் கோவிந்தராஜ் வந்தார். அனந்தபுரத்தில் வாத்தியார், மனைவியை இழந்தவர். ஆசிரியர் கூட்டங்களில் இரண்டு மூன்று தடவை பேசியிருக்கிறார்கள். அதிகம் பேசாத மனுஷர், பேசினால் முகத்தைப் பார்த்துப் பேசுவார். கலியபெருமாளிடம் நேராக வந்து கேட்டுவிட்டார். கலியபெருமாள் கெட்டவன் இல்லை. தங்கை தனியாக நிற்பது அவனுக்கும் உறுத்தியிருக்கிறது. தன் பையன் சின்னவன், அவன் ஏருக்கு. மூத்த மகள் ஆதிலட்சுமி இருக்கிறாளே என்று யோசித்தான்.

"லட்சுமிக்குப் பதினாலு ஆவுது. வர்ற பொன்னேருக்கு அவ கையப் புடிச்சி எழுத வச்சுட்டு நீ கெளம்பு, உண்ணாமல. எவ்ளோ நாளிக்குத்தான் நீயே கெடப்ப?"

உண்ணாமலை அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. அனந்தபுரம் ஒன்றும் சீமை இல்லை, பஸ் ஏறினால் வந்துவிடுகிற ஊர். ஆனால் அங்கே பொழுது சாயும், அவள் அங்கேயே இருப்பாள். அந்த நினைப்பே போதுமாக இருந்தது. பங்குனி மாதம் முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை.

ஆதிலட்சுமிக்கும் அப்படித்தான். கொல்லையில் மண்ணை நனைத்து 'அ' எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். போன வருஷம்வரை டாக்டருக்குப் படிப்பேன், மெட்ராசுக்குப் போவேன் என்று வீட்டையே இரண்டாக்கியவள். அதை ஞாபகப்படுத்தி, மெட்ராசு என்னடி ஆச்சு என்று உண்ணாமலை கேட்டாள்.

"இன்னா அத்த நீ? பேரு வாங்கிட்டா அப்பறம் எங்க போறது? இங்கியேதான், ஒன்ன மாரி" என்றாள் அவள், பெருமையாக.

ஒன்ன மாரி. குனிந்து எழுதிக்கொண்டிருந்த அந்த முகத்தில் பதினாறு வயது உண்ணாமலை சிரித்துக்கொண்டிருந்தாள். நமக்கென்ன, நாம் பட்டாயிற்று, அவள் பாடு அவளுக்கு என்று மனசைத் தேற்றினாள். தேறவில்லை. இவளும் பதினாறு வருஷம் கழித்து இன்னொரு கையைத் தேடி அலைவாள். அப்படி அலைகிறவளாகத்தானே தானும் ஆகிவிட்டோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பொன்னேர் அன்று கழனியில் நல்ல கூட்டம். கோவிந்தராஜும் தட்டில் பழம் வெற்றிலையோடு வந்து வரப்போரம் நின்றிருந்தார், சடங்கு முடிந்ததும் பேசி முடித்துவிடலாம் என்று. கலியபெருமாள் சால் ஓட்டி, மாட்டை நிறுத்தி, வம்சத்தைச் சொன்னான். "எழுத்துக்கு உண்ணாமலை" என்று நிறுத்திவிட்டுத் தங்கையைப் பார்த்தான். ஆதிலட்சுமி பாவாடையை ஒதுக்கிச் சாலோரம் உட்கார்ந்து விரலை நீட்டினாள்.

உண்ணாமலை பக்கத்தில் உட்கார்ந்தாள். நீட்டிய விரலைப் பார்த்தாள். நிமிர்ந்து வரப்பைப் பார்த்தாள். அப்புறம் தன் விரலைத்தான் மண்ணில் வைத்தாள். தனியாகவே 'அ' எழுதி முடித்தாள்.

"இன்னும் நான் இருக்கறேன் இல்ல? எம் பேரே இருக்கட்டும்."

கூட்டம் ஒரு நிமிஷம் திகைத்தது, பிறகு உருகியது. கல்யாணத்தைக்கூட வேண்டாம் என்றுவிட்டாள் பார், பள்ளிக்கூடத்தின் மேல் என்ன பக்தி என்றார்கள். அண்ணன் மட்டும் கிட்டே வந்து, உனக்கப்புறம் கிணறு என்ன ஆகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். வற்றினால் வற்றட்டும் என்று அவள் அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். கோவிந்தராஜ் விளக்கம் கேட்கிற ஆளில்லை. வீட்டுக்கு வந்து தட்டைக் கூடத்தில் வைத்தார். "வர்றேன் டீச்சர்" என்றார். அவர் போன பாதையை அவள் பார்க்கவில்லை, பார்த்தால் ஓடியிருப்பாள்.

அன்று சாயங்காலம் ஆதிலட்சுமி அழுது வீங்கிய முகத்தோடு அவள் எதிரே வந்து நின்றாள்.

"ஒனக்கு என்னக் கண்டா புடிக்கல. அதான அத்த?"

எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று உண்ணாமலைக்கு வாய்வரை வந்தது. ஆனால் இந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால், நீ போ அத்தை, நான் இருக்கிறேன் என்று அங்கேயே அத்தையின் கையை இழுத்துத் தன் விரலைப் பிடிக்க வைத்துவிடுவாள். வந்ததை மென்று விழுங்கினாள்.

"ஆமா. நான் கஷ்டப்பட்டு வச்சிருக்கிற பேரு, ஒனக்கு எதுக்குத் தரணும்?"

சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள், புகைக்கு அழுவதாக இருக்கட்டும் என்று.

ஆதிலட்சுமி அதன்பின் அத்தையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை இருக்கிற வீட்டில் இருக்கமாட்டேன், திண்டிவனத்து ஹாஸ்டலில் சேர்த்துவிடு நைனா என்று பிடிவாதம் பிடித்தாள். தங்கைமேல் இருந்த கோபத்தில் கலியபெருமாளும் சரி என்றுவிட்டான். பேர் வாங்காத பெண், எங்கே தங்கினால் என்ன?

பள்ளிக்கூடம் திறந்த மாதம், ட்ரங்குப் பெட்டியோடு அப்பாவும் மகளும் காலை பஸ்ஸில் கிளம்பினார்கள். வீட்டில் கைக்குழந்தைவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள், அத்தையைத் தவிர. பஸ் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். உண்ணாமலை வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆதிலட்சுமி அவளைப் பார்த்ததும் முகத்தை வெடுக்கென்று அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திண்டிவனம் பக்கம் போனது.

பின்னாலேயே வந்து நின்ற பிள்ளைகளில் ஒருத்தி, அது உங்க வீட்டு அக்காதானே, எப்ப டீச்சர் திரும்பி வரும் என்று கேட்டாள்.

"வரக்கூடாது" என்றாள் உண்ணாமலை. பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்களை உள்ளே ஓட்டிக்கொண்டு போய், விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினாள்.